வரப்பில் ஒரு வரிசை ஆவாரை

சென்ற போகிக்கு முதல் நாள் மாலை, தாராபுரம் சந்தைப் பக்கம் போயிருந்தேன். காப்புக் கட்டுவதற்கு வேண்டிய பூக்களைச் சாலை ஓரத்தில் குவித்து வைத்து விற்றுக் கொண்டிருந்தார்கள். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் சேர்ந்தது ஒரு கட்டு. எனக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கட்டு வாங்கியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்று ஏக்கர் மானாவாரிக் காடும் ஒரு கிணறும் உடையவர் என்று தெரிந்தது.

"காட்டில் ஆவாரை இல்லைங்களா, அண்ணா?" என்று கேட்டேன்.

"இருந்ததுங்க தம்பி. வேலி ஓரம் பூராவும் அதுதான். போன வருஷம் பொக்லைன் விட்டுச் சுத்தம் பண்ணிட்டமுங்க" என்றார்.

வாடகை கொடுத்து அழித்த செடியின் பூவையே மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறோம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதே காரியத்தைச் செய்தவன்தான்.

புன்செய் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் ஒவ்வொருவரும் வரப்பிலோ வேலி ஓரத்திலோ ஒரு வரிசை ஆவாரையை விட்டு வைக்க வேண்டும். ஏற்கெனவே அழித்து விட்டவர்கள் விதை போட்டு மீண்டும் வளர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பொங்கல் பூவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மருந்துக்காகவும் சொல்லவில்லை. கத்தரிக்காகவும் முருங்கைக்காகவும் சொல்கிறேன்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கொறங்காடு என்று சொல்லப்படும் மேய்ச்சல் நிலங்களை வாசகர்கள் அறிவார்கள். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. அந்த வேலி ஓரத்திலும், வண்டித் தடத்தின் இரு பக்கத்திலும், குளக்கரை மேட்டிலும் யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மஞ்சளாகப் பூத்து நிற்பது ஆவாரை. கிளுவை வேலி போய்க் கல்காலும் கம்பியும் வந்தபோது இதுவும் கூடவே போயிற்று. சாலையை அகலப்படுத்தியபோது தடத்தோரம் போயிற்று. மனைப்பிரிவு போட்ட இடங்களில் முதல் நாளே எல்லாம் வழித்தெடுக்கப்பட்டது. மிஞ்சிய இடத்தில் சீமைக்கருவேல் ஏறி மூடிக் கொண்டது. இப்போது ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை என்று வரப்பு முழுவதும் களைக்கொல்லி அடிக்கிறோம். கோரையைக் கொல்லப் போன மருந்து ஆவாரைக் கன்றையும் சேர்த்துக் கருக்கி விடுகிறது.

நான் 2014-இல் பொக்லைன் வைத்து இரண்டு மணி நேரத்தில் என் கிழக்கு வரப்பை வழித்தேன். எலி வளை இருக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பவைதான் காரணங்கள். வரப்பு மொட்டையாகி, பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்து மெச்சினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் என் கிணறு வற்றி, பதினோரு தென்னை கொண்டை சாய்ந்தது. அந்தச் சித்திரையில் ஊருக்குள் பச்சையாக நின்றவை வேம்பு, எருக்கு, ஆவாரை இவை மூன்றும்தாம். குளக்கரையில் ஆவாரை பூத்துக் கொண்டும் இருந்தது. ஒரு சொட்டு நீர் கேட்காமல் பூத்து நிற்கும் செடியை நம் காசைச் செலவழித்துப் பிடுங்கி எறிந்தோமே என்று முதன்முதலாக எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஆவாரை இந்த மண்ணுக்கே உரிய செடி. இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் தானாக வளர்வது. சரளை மண், சுக்கான் மண், கரிசல் எதுவானாலும் சரி. தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். ஆணிவேர் ஆழமாக இறங்கி விடுவதால் மேல்மண் காய்ந்தாலும் செடி காய்வதில்லை. மாடு இதை விரும்பித் தின்பதில்லை. தெலங்கானா மாநிலம் 2014-இல் உருவானபோது இந்தப் பூவைத்தான் தன் மாநில மலராக அறிவித்தது. தங்கேடு என்பது அங்கே இதன் பெயர். பதுக்கம்மா பண்டிகையில் பெண்கள் அடுக்கும் பூக்களில் இதற்கு முதல் இடம் உண்டு.

ஒரு காலத்தில் இதற்குப் பெரிய வாணிபமும் இருந்தது. ஆவாரம்பட்டைதான் தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழிலின் மூலப்பொருள். திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களின் தோல் ஷாப்புகளுக்குக் கிராமங்களிலிருந்து வண்டி வண்டியாகப் பட்டை போயிற்று. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அதற்குப் பிறகு குரோமியம் வந்தது. பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கு அதனால் நேர்ந்ததை அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். அது தனிக் கதை. பட்டைக்கு விலை போனதும் செடிக்கும் மதிப்புப் போயிற்று என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

கருவண்டும் கத்தரியும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. இதைக் கேட்டுப் பலர் வியப்படைவார்கள். அது வண்டுக்குக் கொடுப்பது மகரந்தம் ஒன்றைத்தான். அந்த மகரந்தத்தையும் வெளியே பரப்பி வைப்பதில்லை. மகரந்தப் பை முழுவதும் மூடியிருக்கும். நுனியில் மட்டும் ஊசித் துளை போன்ற வழி இருக்கும். தூள் மருந்தைத் துணிப்பையில் கட்டித் தட்டித் தட்டித் தூவுவோமே, அதைப் போல யாராவது உலுக்கினால்தான் தூள் கொட்டும். உலுக்குகிறவர் யார்? பெரிய கருவண்டு. பழைய கம்பத்தையும் காய்ந்த மூங்கிலையும் வட்டமாகத் துளைத்துக் கூடு வைக்குமே, அதுதான். தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். உண்மையில் அது வண்டு அன்று, தேனீ இனம். பூவைக் கட்டிப் பிடித்துக் கொண்டு உடம்பை "ர்ர்ர்" என்று அதிர வைக்கும். காலை வேளையில் ஆவாரைப் புதருக்கு அருகில் நின்றால், பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிட அழுத்தமான அந்த ஓசை தனியாகக் கேட்கும்.

கத்தரிப் பூவை எடுத்துக் கவனித்துப் பாருங்கள். அதன் மஞ்சள் மகரந்தப் பைகளிலும் நுனியில் மட்டும்தான் துளை இருக்கிறது. கத்தரி தானாகவும் ஓரளவு காய்க்கும். காற்றசைவிலும் கொஞ்சம் மகரந்தம் விழும். ஆனால் நிறைவாகக் காய் பிடிக்க இதே உலுக்கல் வேண்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டும், உடம்பில் நீலப் பட்டை போட்ட சிறு காட்டுத் தேனீயும் செய்கின்ற வேலை இது. முருங்கையிலும் கருவண்டுதான் முக்கியமான வேலையாள். துவரைக்கும் சணப்பைக்கும் இது வரும்.

ஆனால் கத்தரி நம் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. முருங்கைக்கும் பூக்கும் பருவம் உண்டு. வண்டுக்கோ பசி என்பது பயிர்ப் பருவம் பார்த்து வருவதில்லை. அது குஞ்சு பொரிக்கும் முறையைக் கேளுங்கள். மரத்தைக் குடைந்து அறை அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டையாக வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும். மகரந்தம் கிடைக்காவிட்டால் உருண்டை இல்லை; உருண்டை இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. மழைக்குப் பிறகு நன்றாகவும், மற்ற மாதங்களில் விட்டு விட்டும் பூக்கிற ஆவாரை, அந்த இடைவெளியை நிரப்புகிறது. தேனுக்கு எருக்கு இருக்கிறது. எருக்கம்பூவைத் தேடி வருவதும் இதே கருவண்டுதான். வரப்பில் ஆவாரையும் எருக்கும் சேர்ந்து நின்றால், அதன் சோறும் குழம்பும் ஒரே இடத்தில் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டையும் பிடுங்கி விட்டு, பூ உதிர்கிறது என்று கடைக்குப் போகிறோம். நானும் போனேன். பூப்பிடிப்புக்கு என்று ஒரு மருந்து தந்தார்கள், அடித்தேன். அடுத்த முறை வேறொன்று தந்தார்கள், அதையும் அடித்தேன். கத்தரியில் பூ உதிர்வதற்கு வண்டு இல்லாதது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சூல்தண்டு குட்டையாக உள்ள பூ எப்படியும் உதிரும். வெயில் கடுமையானாலும் உதிரும். ஆனால் கடைக்காரர் ஒரு முறையாவது, "உங்கள் காட்டில் வண்டு வருகிறதா?" என்று கேட்டிருக்கலாம் அல்லவா? நானாவது கேட்டுக் கொண்டிருக்கலாம்.

பிடுங்கியதை மறுபடியும் விதைக்கச் சொல்வது பத்தாம்பசலித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் அயோவா மாநிலம் ஒரு காலத்தில் பெரும்பகுதி உயரமான புல்லும் காட்டுப்பூக்களும் நிறைந்த சமவெளியாக இருந்தது. மக்காச்சோளத்துக்காகவும் சோயாவுக்காகவும் உழுது உழுது, அந்தப் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று அங்கே மிஞ்சவில்லை. அதே மாநிலத்தின் பல்கலைக்கழகத்தார் 2007-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். வயலில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, அந்நாட்டுப் பழைய புல்லையும் வறட்சி தாங்கும் காட்டுப்பூக்களையும் பட்டை பட்டையாக விதைத்தார்கள். வயலிலிருந்து மழைநீரோடு ஓடும் மண் 95 சதவீதம் குறைந்தது. தேனீக்களும் மற்றப் பூச்சிகளும் பல மடங்கு பெருகின. 2019 முதல் இப்படிப் பட்டை விடுகிற விவசாயிக்கு அந்நாட்டு அரசு பணமும் கொடுக்கிறது. அவர்களுடைய சரிவான பெருநிலத்துக் கணக்கு நம் சின்னக் காட்டுக்கு அப்படியே பொருந்தாது. மூன்று ஏக்கரில் பத்தில் ஒரு பங்கை விடு என்று சொல்ல எனக்கும் மனம் வராது. நமக்கோ அது தேவையும் இல்லை. வரப்பு என்று ஒன்று நம்மிடம் ஏற்கெனவே சும்மா கிடக்கிறது.

சிலர் கேட்கும் கேள்விகள்

"வரப்பில் செடி இருந்தால் புழு ஏறாதா?" என்று கேட்கிறார்கள். ஆவாரை இலையைத் தின்பது பெரும்பாலும் ஒரு பச்சைப் புழு. வெளிறிய மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு அது. ஆவாரை, கொன்றை போன்ற இனத்துச் செடிகளில் வளரும். கத்தரிக்கோ தக்காளிக்கோ நெல்லுக்கோ போகாது. ஆனால் ஒரு விலக்கு உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் நிலாவாரையைப் பயிராகச் செய்பவர்களுக்கு இந்தப் புழு விரோதி. அவர்கள் இந்த யோசனையை விட்டு விடுவதே நல்லது.

பயறு குடும்பத்துச் செடியாயிற்றே, வேர் முடிச்சு மூலம் நிலத்துக்குத் தழைச்சத்து ஏற்றும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஆவாரையின் வேரில் முடிச்சு உண்டாவதில்லை. சணப்பை, தக்கைப்பூண்டு செய்கிற வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கவாத்து செய்த தழையை நஞ்சைக்கு மிதிக்கலாம். நம் பெரியவர்கள் அப்படிச் செய்ததுண்டு. முருங்கைத் தூரைச் சுற்றி மூடாக்காகவும் போடலாம்.

பாம்பு அடையும் என்பது உண்மையான பயம். அதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஒற்றை வரிசையாக விட்டு, தரையிலிருந்து ஓரடி வரை பக்கக் கிளைகளைக் கழித்து விட்டால், அடியில் வெளிச்சம் தெரியும். வரப்பில் நடக்கிற பாதையை விட்டு, வேலியை ஒட்டிய பக்கத்தில் வையுங்கள். புதராக விட்டால்தான் தொல்லை.

பணம் வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வராது என்றே வைத்துக் கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எங்கள் பக்கம் வந்து, ஆவாரம்பூவை ஏக்கர் கணக்கில் பயிர் செய்யுங்கள், உலர்ந்த பூவைக் கிலோ கணக்கில் நாங்களே எடுத்துக் கொள்கிறோம் என்று சொன்னார். இரண்டு பேர் நம்பினார்கள். நாற்றுக்குப் பணம் வாங்கிக் கொண்டு போனவர், பூ எடுக்க வரவில்லை. நல்ல விளைநிலத்தில் இதைப் போடாதீர்கள். நீரிழிவுக்கு ஆவாரம்பூக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தி விடுவது மட்டும் ஆபத்து. நிழலில் உலர்த்திய பூவைப் பயற்றமாவோடு அரைத்துக் குளிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விதைக்கும் முறை

நெற்றுகள் பழுப்பாகிக் காயும்போது பறித்து இரண்டு நாள் வெயிலில் போட்டு விதையைப் பிரிக்கவும். விதைத்தோல் கெட்டி. அப்படியே போட்டால் பத்தில் ஒன்றோ இரண்டோ முளைத்து, மற்றவை அடுத்த மழைக்குக் காத்திருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு இரவு முழுவதும் ஊற விடவும். காலையில் உப்பியிருக்கும் விதையை விதைக்கலாம். உப்பாததைச் சொரசொரப்பான மணலோடு சாக்கில் இட்டுத் தேய்த்து மறுபடியும் ஊற வைக்கலாம்.

புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசியில், மண் நன்றாக நனைந்த பிறகு விதைக்க வேண்டும். வரப்பின் வெளிச்சரிவில் மூன்றடிக்கு ஒரு குழி கொத்தி, குழிக்கு நாலைந்து விதை, அரை அங்குல ஆழம். பையில் நாற்று விட்டு நடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆணிவேர் பையில் சுருண்டு கொண்டால், பிறகு அது எந்த வறட்சியைத் தாங்கும்? முளைத்ததும் குழிக்கு ஒன்று நிறுத்தி மற்றதைக் கிள்ளி விடலாம். முதல் கோடை மட்டும் கடினம். முடிந்தால் பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு சொம்பு தண்ணீர். எரு வேண்டாம், மருந்து வேண்டாம். இரண்டாண்டுக்கு ஒரு முறை, நெற்று எடுத்த பிறகு மழைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டால் புதுத் துளிர் விட்டு நன்றாகப் பூக்கும். உழவுக்குள் விழுந்து முளைக்கும் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கி விட வேண்டும். வேர் இறங்கி விட்டால் கடப்பாரை தேவைப்படும்.

நிலம் இல்லாதவர்கள் வீட்டு வாசலிலும் வைக்கலாம். நாள்தோறும் இரண்டு குடம் கேட்கும் குரோட்டன்ஸை விலை கொடுத்து வாங்கி வைத்து விட்டு, மாசி மாதத்திலேயே தண்ணீர் இல்லை என்று வாட விடுகிறோம். கொல்லையில் நாலு கத்தரிச் செடியும் ஒரு முருங்கையும் இருக்கிற வீட்டில், ஒரு மூலையில் இரண்டு ஆவாரை இருந்தால் என்ன குறைந்து விடும்? காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை மழை படாத இடத்தில் படுக்கை வாட்டில் கட்டி வைத்தால் வண்டு குடி வரும். வீட்டு உத்தரத்தில் துளை போட்டால் திட்ட வேண்டாம். மூங்கில் கொடுத்துப் பாருங்கள்.

என் கிழக்கு வரப்பில் இப்போது நாற்பது செடிகள் நிற்கின்றன. நான்காவது ஆண்டு. வடக்கு வரப்பில் போட்டது வாய்க்கால் தண்ணீர் தேங்கி அழுகி விட்டது. அங்கே இனிப் போட மாட்டேன். கருவண்டு வருகிறது. கத்தரி நன்றாகத்தான் காய்க்கிறது. அதில் வண்டின் பங்கு எவ்வளவு, அந்தந்த ஆண்டு மழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. பூப்பிடிப்பு மருந்து வாங்குவதை நிறுத்தி இரண்டு ஆண்டு ஆகிறது.

விதை கேட்டு யாரும் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்க் குளக்கரையிலோ, சுடுகாட்டு ஓரத்திலோ, இரயில் பாதை ஓரத்திலோ இன்னும் பத்துச் செடியாவது இருக்கும். அந்த ஊர் மழைக்கும் மண்ணுக்கும் பழகிய விதை அதுதான். பொங்கலுக்குப் பறிக்கும்போது கிளையோடு முறிக்காமல், ஒவ்வொரு செடியிலும் பாதிப் பூவையாவது விட்டு விட்டு வாருங்கள். விட்ட பூதான் நெற்றாகும். பங்குனியில் ஒரு பையை எடுத்துக் கொண்டு அதே இடத்துக்கு மறுபடியும் போய்ப் பாருங்கள்.